தோற்பதற்கும் அளாப்பலாம்

டிவி எங்கே போனது என்று சின்னவர்கள் நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அது இருந்த மேசையில் அம்மா இப்போது சாமிப் படத்தையும் மா வாளியையும் வைத்திருக்கிறார். அது உங்களுக்குப் பதில் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

மாமா எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏன் எடுத்துக்கொண்டு போனார் என்பதற்கு அவரிடம் ஒரு கதை இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் அதைக் கேட்டுவிட்டார்கள். அந்தக் கதையில் நான், பெற்ற மகளை மைக்கில் வைத்துக் கேவலப்படுத்திய தகப்பன். மைக்கில் சொன்னது உண்மை. கேவலம் யாருக்கு என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்ல வெளிக்கிட்டால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் சத்தம் கூடும். சத்தம் கூடினால் அம்மா எழும்பிப் போய் யன்னலைச் சாத்துவார். எழுதினால் யன்னல் திறந்தபடியே இருக்கும். நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் அக்காவிடம் கேட்டுத் திருத்துங்கள். கதையில் பிழை என்று அக்கா சொன்னால் அதையும் திருத்துங்கள், ஏனென்றால் இது அவளுடைய கதை.

உங்கள் மாமா எனக்கு மச்சான், அம்மாவுடன் கூடப் பிறந்த அண்ணன். எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினால் ஆண்கள்தான் பெண் வீட்டுக்குப் போவது. நான் அவர் பிறந்து வளர்ந்த இந்த வீட்டுக்கு வந்தேன். அவர் களுவாஞ்சிக்குடியில் மாமியின் வீட்டுக்குப் போனார். ஆனால் போனவர் முழுக்கப் போகவில்லை. கட்டாரில் இருந்து திரும்பும்போது இரண்டு டிவி கொண்டுவந்தார், ஒன்று அங்கே, ஒன்று இங்கே. அங்கே உள்ள டிவியில் சனிக்கிழமை பின்னேரம் மாமியும் மாமியின் தாயாரும் நாடகம் பார்ப்பார்கள். அந்த இரண்டு பெண்களின் கையிலிருந்தும் ரிமோட்டைப் பிடுங்க அவருக்குத் துணிவு இல்லை. மல்யுத்தம் பார்க்கத் தங்கச்சி வீட்டுக்கு வருவார். மகனை மோட்டார் சைக்கிளின் முன்னால் இருத்திக்கொண்டு, ஒரு பை முறுக்கோடு.

வந்ததும் நடுக் கதிரை அவருக்கு. ரிமோட் அவருக்கு. டிவி அவர் கொண்டுவந்தது, வீடு அவர் பிறந்தது, ஆகையால் நான் அங்கே ஓர் ஓரமாக நாடியில் கை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நான் இருக்கவில்லை. சண்டை அங்கேதான் தொடங்கியது.

மல்யுத்தம் என்றால் உங்களுக்கு ஆட்கள் அடிபடுவது. எனக்கும் மாமாவுக்கும் அது பரீட்சைப் பேப்பர் திருத்துவது மாதிரி. ஒவ்வொரு போட்டி முடியும்போதும் அவர் பத்து விரலையும் விரித்துத் தூக்குவார்.

"பத்துக்குப் பத்து!"

"பதர்," என்பேன் நான்.

நான் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். படுவான்கரையில் இருந்து நெல் வந்து இறங்கும்போது ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்ப்போம். பறந்து போவது பதர். வெளியில் பார்த்தால் நெல் மாதிரியேதான் இருக்கும், அதே நிறம், அதே மூக்கு. உள்ளே அரிசி இருக்காது. டிவியில் வருகிற போட்டிகளில் முக்கால்வாசி அப்படித்தான். ஆள் பெரிது, மயிர் நீளம், உடம்பெல்லாம் பச்சை குத்தியிருக்கும். ஊதினால் ஒன்றும் இல்லை.

ஒருநாள் மொட்டைத் தலை ராட்சதன் ஒருவன் இன்னொருவனைத் தூக்கி மேசை மேலே போட்டான். மேசை இரண்டாகப் பிளந்தது. மாமா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"பாத்தீங்களா மச்சான்? மேசை ரெண்டாப் போய்ட்டு! பத்து!"

"மேசை நல்லாத்தான் செய்தது. வேணுமெண்டா மேசைக்குப் பத்தப் போடுங்க. அந்த ரெண்டு தடியனுக்கும் ஒண்டும் குடுக்க ஏலா."

"உங்களுக்குக் கண்ணில என்ன? அவன் செத்துப்போய்க் கிடக்கிறான்!"

"செத்தவன் தலையணை சரியில்லாத மாதிரிக் கழுத்தத் திருப்பிப் படுக்கிறான், பாருங்க."

அக்கா சிரித்தாள். முறுக்குப் பைக்குப் பக்கத்தில், டிவிக்கு மிக அருகில் அவள் உட்கார்ந்திருப்பாள். மாமாவின் மகன் அவளுக்குப் பக்கத்தில். அந்தப் பெடியன் சிரிக்க வாயைத் திறந்துவிட்டுத் தகப்பனின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

நான் எப்படி மார்க் போடுவேன் என்று இப்போது சொல்கிறேன். இதை விளங்கிக்கொள்ளாவிட்டால் பிறகு நடந்தது உங்களுக்கு விளங்காது. ஒரு மூட்டையைத் தலைக்கு ஏற்ற எங்களுக்கு இரண்டு பேர் வேண்டும். ஏனென்றால் மூட்டை உதவி செய்யாது. அது பிணம் மாதிரிக் கனக்கும். ஆனால் டிவியில் மூட்டையை விட இரண்டு மடங்கு பாரமான ஒருவனை இன்னொருவன் ஒற்றையாய்த் தலைக்கு மேல் தூக்குகிறான். எப்படி? தூக்கப்படுகிறவன் பாய்ந்து கொடுக்கிறான். முதல் தரம் பார்த்தபோதே எனக்கு அது பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு நான் தூக்குகிறவனைப் பார்ப்பதே இல்லை. விழுகிறவனைத்தான் பார்ப்பேன். தலையைக் குனிந்து நாடியை நெஞ்சில் சேர்த்தானா? உள்ளங்கையால் நிலத்தை அறைந்து சத்தம் எழுப்பினானா? தன் பாரத்தை முதுகு முழுக்கப் பரப்பினானா? பட்ட அடியை, படாத அடியை, பார்க்கிறவன் பல்லைக் கடிக்கிற மாதிரி வாங்கினானா? அதற்குத்தான் என்னிடம் மார்க். விழுகிறவன்தான் மேட்சைத் தூக்குகிறான் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வேன். தோற்கிறவன்தான் பெரிய ஆள் என்றும் சொல்வேன்.

மாமாவுக்கு இது பிடிக்காது. அவருக்கு எல்லாம் உண்மை. உண்மையான அடி, உண்மையான பகை, உண்மையான பெல்ட்.

"அப்ப எல்லாரும் அளாப்புறாங்க எண்டு சொல்றீங்க," என்றார் ஒருநாள். முகம் சிவந்துவிட்டது. அளாப்புவது என்றால் விளையாட்டில் கள்ளம் செய்வது. கிளித்தட்டில் கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று சத்தியம் பண்ணுவீர்களே, அது. எங்கள் பிள்ளைகள் வாயில் அதைவிடக் கெட்ட ஏச்சு இல்லை.

"அளாப்பு இல்ல மச்சான். ரெண்டு பேருக்கும் தெரியும் ஆரு வெல்லுற எண்டு. பாக்கிற சனத்துக்கும் தெரியும், உங்களத் தவிர. ஒருத்தனுக்குத் தெரிஞ்சு மத்தவனுக்குத் தெரியாட்டித்தான் அளாப்பு."

"மூட்ட தூக்கிறவருக்கு மல்யுத்தம் தெரியும்! நான் கட்டார்ல நேர பாத்தவன், தெரியுமா? நேர!"

"எவ்வளவு தூரத்தில இருந்து?"

அம்மா குசினியில் இருந்து கரண்டியோடு வந்தார். "ரெண்டு பேரும் வாயப் பொத்துங்க. றோட்டால போற சனம் நிண்டு பாக்குது."

இதுதான் எங்கள் சனிக்கிழமை. இதை நான் இனிமையாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் இனிமையாக இருக்கவில்லை. அவர் என்னை வெறுத்தார். நான் அவருடைய பத்து விரல்களையும் வெறுத்தேன்.

டிவி முடிந்ததும் பிள்ளைகள் வெளியே வீட்டு வளவுக்குப் போவார்கள். வாவிக் கரை மணலை வேலியோரம் கொட்டி வைத்திருந்தோம், மதில் கட்ட. மதில் கட்டவில்லை, அது மல்யுத்த மேடை ஆனது. அக்காவும் மாமாவின் மகனும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள்: இன்றைக்கு எப்படி அடிப்பது, யார் யாரைத் தூக்குவது, யார் விழுவது. விழுவது எப்போதும் அக்கா. அவன் அவளைவிடக் கட்டை. அவன் தூக்க, அவள் பாய்ந்து கொடுப்பாள். காற்றில் ஒரு சுழல் சுழன்று, நாடியைச் சேர்த்து, இரண்டு கையாலும் மணலை அறைந்து விழுவாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் நான் சத்தம் போட்டதை எல்லாம் அவள் உடம்பில் எழுதி வைத்திருந்தாள். சொல்லக் கூடாது, அவ்வளவு அழகாய் இருக்கும்.

மாமா அதைக் கதிரையில் இருந்தபடியே பார்ப்பார். டிவியை நம்பியவர் இதையும் நம்பினார். தன் மகன் அக்காவை உண்மையாகவே தூக்கி எறிகிறான் என்று நம்பினார். அதைப் போய்த் தேத்தண்ணிக் கடையில் சொன்னார். ஆலைக்குப் போகும் வழியில் என்னை ஒருவர் நிறுத்திக் கேட்டார், "என்ன, உங்கட மகளப் போட்டு மச்சான்ட பெடியன் முறிக்கிறானாமே? இப்பவே அடிய வாங்கிப் பழகட்டும், மறுகா கட்டப்போறவன்தானே!"

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். மாமன் மகன் முறை மாப்பிள்ளைதானே என்று அவர்களுக்குப் பகிடி. எனக்கு அன்றைக்கு முழுக்க மூட்டை கனத்தது.

வீட்டுக்கு வந்து அக்காவைக் கேட்டேன். "ஏன் மனே ஒவ்வொரு தரமும் நீயே விழுற?"

"அவன் தோத்தா அழுவான் அப்பா."

"அழட்டுமே."

"எனக்கு விழ விருப்பம். நீங்கதானே சொன்ன, விழுறவதான் பெரிய ஆள் எண்டு."

 டிவியில் விழுகிறவன் மேடையை விட்டு இறங்கியதும் அவன் யார் என்பது அவனுக்குத் தெரியும், சனத்துக்கும் தெரியும். வளவில் விழுகிற பிள்ளையை நினைத்துக் கடையில் சிரிக்கிறார்கள். ஓர் ஆண்பிள்ளை அழாமல் இருப்பதற்காக விழப் பழகுகிற பெண்பிள்ளை நாளைக்கு எங்கெங்கே விழுவாள் என்று நினைத்தேன். அந்தப் பயம் எனக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. இதில் மற்றதெல்லாம் மாமாவோடு எனக்கு உள்ள கறள், மனத்தில் பிடித்த துரு. இது மட்டும் கறள் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு வந்தது. விளையாட்டுக் கழகத்துப் பெடியன்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"அண்ணன், சின்னப் புள்ளைகள்ற தலையணைச் சமருக்கு நீங்கதான் நடுவர்."

"ஏன், நான் என்ன மாஸ்டரா?"

"சனிக்கிழமையில உங்கட தீர்ப்பு றோட்டு வரைக்கும் கேக்குதே."

தலையணைச் சமர் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆளுயரத்தில் ஒரு தென்னங்குற்றி படுக்கையாய்க் கட்டியிருக்கும், கீழே மணல். இரண்டு பேர் எதிர் எதிராகக் காலைப் போட்டு இருந்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, மறு கையில் தும்பு அடைத்த தலையணையால் அடிக்க வேண்டும். விழுகிறவர் தோல்வி. பெண்பிள்ளைகள் போதவில்லை என்று எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

அக்கா எல்லாரையும் விழுத்தினாள். குற்றியைத் தொடையால் கவ்விப் பிடித்துக்கொண்டு, அடியைத் தாங்கி, அடித்தவன் தன் அடியின் பாரத்தில் சரியும்போது பக்கத்தால் ஒரு தட்டு. அவ்வளவுதான். விழத் தெரிந்தவளுக்கு விழாமல் இருக்கவும் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மறு பக்கத்தால் மாமாவின் மகனும் வென்று வென்று வந்தான். அவனும் மோசம் இல்லை, அதைச் சொல்ல வேண்டும். கடைசியில் இரண்டு பேரும் மிஞ்சினார்கள்.

கடைசிப் போட்டிக்கு வேறு யாரையும் நடுவராய்ப் போடுங்கள் என்றேன். "ஒண்டு உங்கட மகள், மத்தது உங்கட மருமகன். ரெண்டு பக்கமும் உங்கட ஆக்கள்தானே அண்ணன், சமம்தானே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

போட்டிக்கு முன்னால் தேங்காய் துருவும் போட்டி நடந்தது. சனம் அந்தப் பக்கம். தண்ணீர் பவுசர் வண்டிக்குப் பின்னால் மாமா அக்காவுக்கு ஐஸ் பழம் வாங்கிக் கொடுத்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். குனிந்து, தோளில் கை போட்டு என்னவோ சொன்னார். அக்கா தலையாட்டினாள். மாமா பிள்ளைகளுக்கு எதையும் சும்மா வாங்கிக் கொடுக்கிறவர் இல்லை. ஆனாலும் புத்தாண்டுதானே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு பேரையும் குற்றியில் ஏற்றினார்கள். நான் விசில் ஊதினேன். பெடியன் முதல் அடி அடித்தான். அது அவளுடைய தோளில் உரசிப் போனது, ஒரு காகத்தைக்கூட அது விழுத்தாது. அக்கா விழுந்தாள்.

ஐயோ, என்ன விழுகை! தலையணை இடிபோல் பட்டது மாதிரித் தலை பின்னால் போனது. கை இரண்டும் காற்றைத் தேடியது. ஒரு கால் குற்றியில் கடைசி வரைக்கும் கொளுவி நின்று, இவள் போராடுகிறாள் என்று சனத்தை நம்ப வைத்து, பிறகு விட்டது. காற்றிலேயே அந்தச் சுழல். நாடி நெஞ்சில். இரண்டு உள்ளங்கையாலும் மணலில் அறை, படார்! சனம் "ஓ" என்று கத்தியது. யாரோ சீனவெடி கொளுத்தினார்கள். மாமா ஓடி வந்து மகனைத் தோளில் தூக்கிக்கொண்டார். "சிங்கம்! சிங்கம்!" என்று கத்தினார். பெடியனின் முகம் பூரித்திருந்தது. அவன் தகப்பனின் தோளில் இருந்து இரண்டு கையையும் தூக்கினான். அவனுக்குத் தெரியாது. அதை அவனுடைய முகத்தில் பார்த்தேன். வளவில் பேசி வைத்துத்தான் வெல்வான். இன்றைக்கு யாரும் அவனோடு பேசி வைக்கவில்லை.

மேசையில் இருந்த மைக்கை எடுத்தேன்.

"இந்த வெற்றி செல்லாது. அளாப்பு."



"ஆரு அளாப்பின?" என்று யாரோ கேட்டார்கள்.

"விழுந்தவள்."

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வெல்வதற்கு அளாப்புகிறவனை ஊர் கண்டிருக்கிறது. தோற்பதற்கு அளாப்புகிறவளை யார் கண்டார்கள்? "அண்ணனுக்கு வெயில் பிடிச்சிட்டு, தண்ணியக் குடுங்கடா!" என்றான் ஒருவன். "மகள் தோத்தத் தாங்க ஏலாம மனிசன் உளறுது," என்றார் இன்னொருவர்.

மாமா மகனை இறக்கிவிட்டு என்னிடம் வந்தார். மைக் என் கையில் இருந்ததால் அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"உங்களுக்கு வெக்கமில்லையா மச்சான்? என்ட பெடியன் வெண்டான். சனம் பாத்தது."

"சனம் பாத்தது பதர். அந்த அடிக்கு அவள் விழமாட்டாள். நீங்க அவளுக்கு என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? வாழ்த்துச் சொன்னன்!"

அக்கா மணலைத் தட்டிக்கொண்டு நின்றாள். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத்தான் அவளைக் கேட்டேன், ஆனால் அவள் குரல் சின்னது இல்லை.

"மாமா சொன்னவர், சொந்தக்காரச் சனமெல்லாம் பாத்துக்கொண்டு நிக்கி, ஆம்புளப் புள்ள பொம்புளப் புள்ளைக்கிட்டத் தோத்தா அவன்ட மானம் போயிடும், நீ விழு எண்டு." பிறகு என்னைப் பார்த்தாள். "நான் ஏலா எண்டன். அதுக்கு மாமா, உங்கட அப்பாதானே சொல்ற, தோக்கிறவதான் பெரிய ஆள் எண்டு, அப்ப அப்பா பொய்யா சொல்றாரு எண்டு கேட்டாரு."

என் வார்த்தையை என் வீட்டிலேயே கேட்டு, என் முகத்துக்கு நேரே அதைப் பகிடி பண்ணி, பிறகு பவுசருக்குப் பின்னால் கொண்டுபோய் என் பிள்ளைக்கே அதை விற்றிருக்கிறார். அந்தக் கோபம் இதை எழுதும்போதும் வருகிறது.

"மனே," என்றேன், "டிவியில ரெண்டு பேருக்கும் தெரியும். இஞ்ச அவனுக்குத் தெரியாது. நீ அவனத்தான் ஏமாத்தின. அதுதான் அளாப்பு."

அவள் அவனைப் பார்த்தாள். அப்போதுதான் எல்லாரும் அவனைப் பார்த்தோம். அவன் கையில் இருந்த தலையணையை நிலத்தில் ஓங்கி அடித்தான். ஆனால் அழவில்லை. தகப்பனைப் பார்த்துத்தான் கத்தினான்.

"உங்கள ஆரு கேக்கச் சொன்ன? நான் வெல்லமாட்டன் எண்டா நினைச்சீங்க?"

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. "வாடா போவம்," என்று கையைப் பிடித்து இழுத்தார். பெடியன் கையை உதறினான். "நான் வரல்ல. திரும்ப வைங்க." மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். "என்ட புள்ளையையும் கெடுத்துப் போட்டீங்க," என்றார். மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணினார். அது முதல் உதையில் வரவில்லை. சனம் பார்க்க மூன்றாவது, நான்காவது என்று உதைத்துத்தான் போனார். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்கவில்லை.

திரும்ப வைத்தோம். விசிலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன்.

அக்கா என்மேல் இருந்த கோபத்தையும் மாமாமேல் இருந்த கோபத்தையும் சேர்த்து அந்தப் பெடியன்மேல் இறக்கினாள். அவனும் விடவில்லை. தும்பு பறந்தது. இரண்டு பேரும் சரிந்து, சரிந்த இடத்தில் தொங்கி, மறுபடி நிமிர்ந்து, மூக்கால் மூச்சுவிட்டு அடித்தார்கள். சனம் சிரிப்பதை நிறுத்திவிட்டது. கடைசியில் அவன் கீழிருந்து மேலாக ஒரு அடி அடித்தான். அது அவள் நாடிக்குக் கீழே பட்டது. அக்கா விழுந்தாள், உண்மையாக. சுழலும் இல்லை, அறையும் இல்லை. ஒரு முழங்கால் முதலில், பிறகு முகம். வாய் நிறைய மணல். எழும்பித் துப்பினாள். துப்பிவிட்டு அழுதாள்.

பெடியன் வென்றான். அவனை யாரும் தோளில் தூக்கவில்லை, தூக்க வேண்டியவர் போய்விட்டார். அவன் குற்றியில் இருந்து தானாக இறங்கி வந்து அவளுக்குத் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தான். அவள் வாங்கிக் கொப்பளித்துவிட்டு, "அடுத்த வருசம் பாரு," என்றாள்.

இதை யார் போய்ச் சொல்லியும் மாமா நம்பவில்லை. பரிசாகக் கிடைத்த பிளாஸ்டிக் வாளியைப் பெடியன் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். மாமாவின் தீர்ப்பு இதுதான்: முதல் வெற்றி உண்மை. இரண்டாவது, மச்சான் வெட்கத்தை மறைக்கத் தன் மகளை விழச் சொல்லிச் செய்த ஏற்பாடு. மேசை பிளந்ததை நம்பிய மனிதர் மகன் வென்றதை நம்பவில்லை. அடுத்த கிழமை ஆட்டோவோடு வந்து டிவியை எடுத்துக்கொண்டு போனார். அம்மா எதிரில் நின்று, "அண்ணன், புள்ளைகள் பாக்கிற சாமான்," என்றார். "புள்ளைகளுக்குத்தான் நடிக்க நல்லாத் தெரியுதே, அதுகளே நடிச்சுப் பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வயரைச் சுருட்டினார். ரிமோட்டை மறந்துவிட்டார். அது இன்னும் மா வாளிக்குப் பின்னால்தான் இருக்கிறது. கேட்டு ஆள் அனுப்பினார். தேடுகிறோம் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது அவர் வீட்டில் இரண்டு டிவி. ஒன்றில் நாடகம், மற்றதில் மல்யுத்தம். சனிக்கிழமை பின்னேரம் அம்மாவின் போன் அடிக்கும். பெடியன்தான். மாமியின் போனை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று, நடப்பதை எல்லாம் அக்காவுக்குச் சொல்வான். அக்கா போனை நிலத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, மணலில் இருப்பது மாதிரிச் சப்பாணி கட்டி உட்கார்ந்து கேட்பாள். நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் போய் இருக்கிறீர்கள்தானே, உங்களுக்கும் தெரியும். அவள் யார் வென்றது என்று கேட்கமாட்டாள். "விழுந்தவன் எப்படி விழுந்தான்?" என்றுதான் கேட்பாள். அவன் யோசித்து யோசித்துச் சொல்வான்.

போன சனிக்கிழமை அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் மாமாவின் குரல் கேட்டது. அந்தக் குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

"பத்துக்குப் பத்து!"

நான் கதிரையில் இருந்தபடியே, அந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்று கத்தினேன், "பதர்!"

 அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மேட்சப் பாக்காமத் தீர்ப்புச் சொல்றீங்களே அப்பா," என்றாள். "அதுக்குப் பேரு என்ன?"

 அவள் போனுக்குக் கிட்டக் குனிந்து, "நீ சொல்லு," என்றாள் அவனிடம். "நாடி நெஞ்சில இரிந்ததா, இல்லையா?"